காகிதக் கதவு

இலத்தீன் வகுப்பின் சுவரில் ஒரு புதிய படம் இருந்தது. சாய்ந்த கூரை, மூடிய நீலக் கதவு, வாசலில் ஓர் ஓட்டை வாளி. அதன் கீழே, ‘கஸா: குடில், எளிய சிறு வீடு’ என்று எழுதப்பட்டிருந்தது. வரைந்தவள் குருவி என்ற மாணவி. பள்ளிப் பேருந்தின் சன்னல் வழியே அவள் நாள்தோறும் பார்க்கும் வீடு அது.

ஆசிரியையுடன் சேர்ந்து வகுப்பே வேற்றுமை ஒப்பித்தது.

“கஸா, குடில்! கஸாய், குடிலின்! கஸாய், குடிலுக்கு! கஸம், குடிலை! கஸா, குடிலிலிருந்து!”

“நாக்கே கசக்குது டீச்சர்!” என்றான் பின்வரிசை வாயாடி.

எல்லாரும் சிரித்தனர். அண்மையில் சேர்ந்ததால் ‘புதுசு’ என்று அழைக்கப்பட்டவள் மட்டும் சிரிக்கவில்லை. தனித்தனியாக ஒப்பிக்கையில் தன் முறை வந்ததும் எழுந்தாள், படத்தைப் பார்த்தாள், பேசாமல் அமர்ந்துவிட்டாள். பள்ளி விட்டுப் போகும்போது பென்சில் பெட்டியையும் மறந்துவிட்டாள்.

மாலையில் குருவி வழி விசாரித்துக்கொண்டு அதைக் கொடுக்கச் சென்றாள். வந்து நின்ற இடம் அந்த நீலக் கதவு!

“நீயா?” புதுசின் முகம் சுருங்கியது. “எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லு, அந்தக் குடில் என் வீடுதான்னு. நான் இனிமே லத்தீன் வகுப்புப் பக்கமே வரமாட்டேன்.”

குருவி பென்சில் பெட்டியை நீட்டினாள்.

“யாருடி அது? வாசல்லயே நிக்க வெச்சுப் பேசறே?” தையல் இயந்திரத்தின் ஓசையை மீறிப் புதுசின் அம்மாவின் குரல் கேட்டது.

உள்ளே, வெட்டி மிஞ்சிய துணிகளை இணைத்துத் தைத்த திரை, மாலை வெயிலில் வண்ண வண்ணமாக ஒளிர்ந்தது. குருவி வாய் பிளந்தாள்.

“வாளி ஏன் அத்தை ஓட்டையா இருக்கு?”

“நாங்கதான் போட்டோம். தக்காளி விதை போட்டிருக்கோம். தண்ணி வடியலேன்னா அழுகிடுமே!”

குருவி தோழியிடம் திரும்பினாள். “நான் வெளிய மட்டும் பார்த்து வரைஞ்சுட்டேன். உள்ளேயும் வரையட்டுமா? யார் வீடுன்னு மூச்சு விடமாட்டேன்.”

புதுசு திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

“திரையில மஞ்சள் துணி ரெண்டு இருக்கு. ஒண்ணு மட்டும் போட்டுடாதே.”

மறுநாள் படத்தின் கதவு மூன்று பக்கமும் கத்தரிக்கப்பட்டிருந்தது. இழுத்தால் திறந்தது. உள்ளே திரை, தையல் இயந்திரம், நூற்கண்டுகள். மாணவர்கள் முண்டியடித்தனர்.

“அழகா இருக்கே! யார் வீடு இது?” என்றான் வாயாடி.

குருவி உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

புதுசு எழுந்து வந்து காகிதக் கதவைத் திறந்து பிடித்தாள். “கஸா, குடில். கஸாய், குடிலின்...” தடுமாறாமல் முடித்தாள். பிறகு, “எங்க வீடு” என்றாள்.

அன்று மாலை நீலக் கதவைப் பேருந்து கடந்தபோது, சன்னலோரத்தில் குருவியின் இருக்கை காலியாக இருந்தது; அவள் புதுசோடு வாசலில் வாளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.