தண்ணீர் ஊற்றாத மாப்பிள்ளை

போன் அடித்தது.

மாப்பிள்ளை பாய்ந்து எடுக்கவில்லை. அலமாரிக் கண்ணாடி முன் நின்று முகத்தைச் சோகமாக்கிக்கொண்டான். "ஐயோ மாமா..." என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான். துரைக்கு அழுகைகூட ஒத்திகை பார்க்காமல் வராது.

அப்புறம்தான் எடுத்தான்.

"ஹலோ..."

"மாப்பிள்ளே, நான்தான்."

மாமனார்!

இந்நேரம் பிணமாகியிருக்க வேண்டிய மனுஷன் பேசுகிறார்.

விஷயம் இதுதான். மாப்பிள்ளைக்கு ஊருக்குத் தெரியாமல் இன்னொரு குடும்பம். மாமனார் அதைக் கண்டுபிடித்துவிட்டார். வெளியூரில் வேலை பார்க்கும் மகளிடம் நேரில் சொல்லக் காலையில் காரில் கிளம்பினார். அவர் திட்டத்தைக் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்ட நம் ஆள், முந்திக்கொண்டான். புகைக்குழாயில் ஓட்டை... புகை காருக்குள் வர வழி... ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றினால் போதும். தூங்கினாற்போல் கதை முடிந்துவிடும்.

"ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தச் சொன்னேனே, ஊத்தினீங்களா?"

"ஊத்தினேனே மாமா... கழுத்து வரைக்கும்."

பச்சைப் பொய். சாகப்போகிறவர் காருக்குத் தண்ணீர் எதற்கு என்று விட்டிருந்தான் அந்தச் சோம்பேறி.

"அப்புறம் ஏன் சூடு காட்டுற முள்ளு சிவப்புக்குப் போச்சு? ஏசியை அணைச்சு, ஹீட்டரை முழுசா வெச்சு, நாலு கண்ணாடியையும் இறக்கிட்டுத்தான் ஓட்டினேன். எஞ்சின் சூட்டை ஹீட்டர் இழுத்துக்கும். நான்தான் வெந்துட்டேன்."

மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டான். ஒரு சொம்பு தண்ணீர்... ஊற்றித் தொலைத்திருந்தால் கொலை கச்சிதமாக நடந்திருக்கும்.

"பாதியிலேயே திரும்பிட்டேன். ஒரு மெக்கானிக் அம்மாவும் கூட வர்றாங்க."

மகளைப் பார்க்கவில்லை! போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு.

அரை மணியில் கார் வந்தது. மெக்கானிக் அம்மாவின் கையெல்லாம் கரி.

"பின்சீட்டுல ஏறுங்க சார். கீழே ஏதோ சத்தம் வருது. எங்கேன்னு கேட்டுச் சொல்லுங்க. கண்ணாடியை ஏத்தினாத்தான் சரியா கேக்கும்."

மறுத்தால் சந்தேகம் வரும். ஏறினான்.

கார் நகர்ந்தது. கண்ணாடிகள் ஏறின. கதவுகள் பூட்டிக்கொண்டன.

அரை நிமிஷம்... ஒரு நிமிஷம்... ஏசிக் காற்றிலும் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. மூச்சு முட்டியது.

"கண்ணாடியை இறக்குங்க மாமா!"

"எதுக்கு மாப்பிள்ளே?"

"புகை உள்ளே வருது... என் சீட்டுக்கு அடியிலதான் ஓட்டை... மூணு பேரும் செத்துடுவோம்!"

மாமனார் நிதானமாக ஓரம் கட்டினார்.

"தண்ணி ஒழுகுதான்னு வழியில கீழே படுத்துப் பார்த்தேன். குழாய்ல புது ஓட்டை. யாரு போட்டதுன்னுதான் தெரியாம இருந்துச்சு."

"அதை அங்கேயே தகரம் சுத்தி அடைச்சாச்சு," என்றாள் மெக்கானிக் அம்மா. "புகையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நானும் மெக்கானிக் இல்ல. சப்-இன்ஸ்பெக்டர்."

கைப்பையிலிருந்து விலங்கு வெளியே வந்தது.

"என் பொண்ணுக்கும் போன்லயே எல்லாத்தையும் சொல்லிட்டேன்," என்றார் மாமனார்.

மாப்பிள்ளை கதவுப் பிடியை இழுத்துப் பார்த்தான்.

"கண்ணாடியை மட்டும் கொஞ்சம்..." என்று முனகினான்.

"பயப்படாதீங்க சார். எங்க ஜீப்புல கண்ணாடியே கிடையாது!"