பெயரும் நட்சத்திரமும்

பேனா சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ கையிலிருந்து கீழே வைத்ததைப் போல.

தாட்சாயினி திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. வெளியே சிட்னித் தெருவை நவம்பர் வெயில் காய்ச்சிக்கொண்டிருக்க, அந்தப் பழைய கத்தீட்ரல் தேவாலயத்தின் மணற்கல் சுவர்களுக்குள் மட்டும் குளிர் தேங்கிக் கிடந்தது. மெழுகு உருகும் மணத்துக்கு அடியில், நாள்கணக்காக மூட்டை கட்டி வைத்த ஈரத்துணியின் நாற்றம். அந்த நாற்றத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருடமாகச் சலவைத் தொழிற்சாலையில் ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தூக்கிப் போடுகிறவள்.

வேலை முடிந்து நேரே இங்கே வந்திருந்தாள். புருஷன் சுஜீதன் கட்டட வேலையில் இரண்டாம் மாடியிலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். நாளை காலை ஒப்பரேசன். பிழைப்பான் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. எந்தச் சாமியாக இருந்தால் என்ன. மெழுகுதிரி ஒன்று கொளுத்தினாள். பக்கத்தில் பெரிய புத்தகம் ஒன்று விரித்துக் கிடந்தது. வரிவரியாகப் பெயர்கள். கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுப்பதுபோலத்தான் என்று நினைத்துத் தமிழிலேயே எழுதினாள். சுஜீதன், கேட்டை நட்சத்திரம்.

"அக்கா, தமிழா நீங்க?"

பூச்சாடியோடு ஒரு பெண். தமிழ்நாட்டுப் பேச்சு. பூ வைக்க வருகிறவளாம், பெயர் ப்ரீத்தி.

"வீட்ல யாரு தவறிட்டாங்க?"

"ஒருத்தரும் இல்லை. ஏன் பிள்ளை?"

ப்ரீத்தி புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். "அய்யோ, நட்சத்திரம் வேற போட்டிருக்கீங்களே! நவம்பர், செத்தவங்களுக்கு ஜெபம் பண்ற மாசம்க்கா. செத்தவங்க பேரை மட்டும்தான் இதுல எழுதுவாங்க."

"என்ர மனுசன் உயிரோட இருக்கிறார்!"

"அப்போ அடிச்சிடுங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு." சிரித்துக்கொண்டே தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

தாட்சாயினி அடித்தாள். மை தாளுக்குள் இறங்கியது. கோடு மறைந்தது. பெயர் அப்படியே நின்றது. அழுத்தி, இன்னொரு முறை. பெயருக்கு எதிரே இப்போது வேறொன்றும் இருந்தது: வார்ட் ஐந்து, கட்டில் பன்னிரண்டு. சுஜீதன் கிடக்கும் கட்டில். அவளுடைய கையெழுத்து. அவள் எழுதவில்லை.

பின்னால் வரிசையாகக் கிடந்த மர வாங்குகள் கிறீச்சிட்டன, உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்புவதைப் போல. பிறகு வாசலை நோக்கிக் காலடிகள், நிறையக் காலடிகள். பார்த்தாள். வெறும் வாங்குகள். கல் தரையில் ஈரத் தடங்கள்.

சுஜீதனுக்குப் போன் எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, சுகமே?"

"ஓம். நீ அனுப்பின ஆக்கள் வந்து நிக்கினம்."

"ஆர்?"

"தெரியேல்லை. பத்துப் பன்ரெண்டு பேர், ஈர உடுப்போட. கேட்டை நட்சத்திரம் எண்டு கூடச் சொல்லினம். நீதான் பேர் குடுத்தனியாம். கூட்டிக்கொண்டு போக வந்தவையாம்."

"அவையோட போகாதைங்கோ!"

"விசரே உனக்கு? எழும்பேலாமல் கிடக்கிறன், எங்க போறது?" சிரித்தான். சிரிப்பு நடுவிலேயே நின்றது.

அவள் தாளைக் கிழித்தாள். அடுத்த பக்கம். அதே வரி. அதே பெயர். அதையும் கிழித்தாள். அடுத்ததிலும். நகம் பிய்ந்து இரத்தம். போனில் கட்டில் சில்லுகள் உருளும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

"இஞ்சருங்கோ?"

"வந்த ஆக்கள் போட்டினம்." அவன் குரல்தான். "பயப்பிடாத. இப்ப ஒருத்தரும் இல்லை."

அருகிலிருந்த வாங்கில் விழுந்தாள். அழுகை வந்தது. போனைக் காதோடு இறுக்கிக்கொண்டாள்.

வாசல் கதவு திறந்தது.

வெறுங்கால்கள். ஒரு கால் இழுபடுகிறது. கல்லில் சரசரவென்று.

ஆஸ்பத்திரி அங்கி. மணிக்கட்டில் பெயர்ப்பட்டி. சுஜீதன். நொறுங்கிய இடுப்போடு நேராக நடந்து அவளைத் தாண்டிப் போனான். அவளைப் பார்க்கவில்லை. முன்வாங்கில் முழந்தாளிட்டான். இரண்டு கைகளையும் கூப்பினான். கைகளில் போன் இல்லை.

காதுக்குள், மிக அருகில், அதே குரல்.

"எப்ப வாறாய், தாட்சா? நாங்கள் எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கிறம்."