சங்கும் நான்கு மைனா முட்டைகளும்

சனிக்கிழமை காலை 7.10. செமிலிங் ஆற்றோரக் குடியிருப்பின் வெள்ள எச்சரிக்கைச் சங்கைக் காணவில்லை. பொது மண்டபத்துக்குப் பின்னால் கம்பம் மட்டும் மொட்டையாக நின்றது. மூன்று மாதங்களுக்கு முன் ஆறு பெருகி, அங்கே குடியிருந்த முனியாண்டியை அடித்துக்கொண்டு போன அன்று சங்கு ஊதவில்லை, வெறுமனே முனகியது. இன்று ஜெராய் மலைமேல் மறுபடியும் மேகம் கறுத்திருந்தது. ஆறு வந்தால் அந்த முனகல்கூட இருக்காது.

குடியிருப்புத் தலைவர் எர்னஸ்டுக்கு வேர்த்துக் கொட்டியது. “பழைய இரும்பு பொறுக்கறவனுங்கதான் லா,” என்றார்.

யோகேஸ்வரி ஏணியை எடுத்து வந்தாள். அதே குடியிருப்புக்காரி, சுங்கைப் பட்டாணி நகரில் காப்புறுதி நிறுவனத்துக்காக வெள்ளச் சேதம் மதிப்பிடுகிறவள் அவள். பொய்க் கணக்கை மோப்பம் பிடிப்பாள், கூப்பிடாமலும் வருவாள்.

7.30. கம்பத்தின் உச்சியில் நான்கு போல்ட்டுகளும் திரும்பப் பொருத்தப்பட்டுப் புது கிரீஸோடு மின்னின. பக்கத்தில் ஒரு மைலோ டின், வயர் கட்டும் கறுப்புப் பட்டையால் இறுக்கப்பட்டிருந்தது. உள்ளே மைனாக் கூடு, நான்கு முட்டைகள். தாய் மைனா அவளைத் திட்டித் தீர்த்தது. இத்தனை பொறுப்பான திருடனை யோகேஸ்வரி பார்த்ததே இல்லை.

7.45. மண்டபத்தின் அழுக்குச் சுவரில் ஒரு வெள்ளைச் சதுரம் தெரிந்தது.

“இங்க இருந்த பட்டியல் எங்கண்ணே?”

“அந்தக் காகிதம் கெடக்குது, நீ சங்கைத் தேடும்மா.”

வாரம் ஒருவர் கம்பத்தில் ஏறிச் சங்கைச் சோதித்து, தன் பெயருக்கு நேரே சரி போட வேண்டிய பட்டியல் அது. இரும்புத் திருடனுக்குக் காகிதம் எதற்கு? வெள்ளத்துக்கு முந்தின சனிக்கிழமை யாருடைய முறை என்று யோசித்தாள். நினைவு வந்ததும் எர்னஸ்டையும் கூட வரச் சொன்னாள்.

9.20. ஏர்கோன் பழுதுபார்க்கும் ஜெயகுமாரின் வீடு. முனியாண்டியின் மகன். மேசைமேல் சங்கு பளபளத்தது. கீழே பழைய மைனாக் கூட்டுக் குப்பை அடுக்கடுக்காகக் குவிந்திருந்தது.

எர்னஸ்ட் பேச வாயெடுத்தார். யோகேஸ்வரி கையமர்த்தினாள்.

“கறுப்புப் பட்டை உன் தொழில்ல உள்ளது தம்பி. ஆனா காகிதத்தை எடுத்ததுதான் உன்னைக் காட்டிக் குடுத்துச்சு. வெள்ளத்துக்கு முந்தின கடைசி சரி உங்கப்பா போட்டது.”

ஜெயகுமார் தலைகுனிந்தான். “சங்குக்குள்ள ரெண்டு மூனு வருசத்துக் கூடு அடைச்சிருந்துச்சுக்கா. அப்பா ஏறிப் பார்க்கவே இல்ல. செத்தவரை ஊரே பேசும். அதான் சத்தமில்லாம சரிபண்ணிடலாம்னு.”

“அதுக்கு முந்தின வாரம் என் முறை. நானும் ஏறல. கீழ நின்னே சரி போட்டேன்.” சொல்லும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

எர்னஸ்ட் தன் முறை வந்தபோது இருந்த முட்டிவலியைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, ஜெயகுமாரின் தோளில் கைவைத்தார்.

11.40. சங்கு அலறியது. குடியிருப்பே காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மைனா எல்லாரையும் திட்டியது. பட்டியல் பழைய இடத்துக்கே வந்தது. யோகேஸ்வரி முதலில் தன் பொய்ச் சரியைக் கோடிட்டு அடித்தாள். அடுத்து எர்னஸ்ட். பிறகு வரிசையில் நின்று ஒவ்வொருவராக அடித்தார்கள். கடைசியில் ஜெயகுமார் பேனாவை வாங்கி அப்பாவின் சரியையும் அடித்தான்.