காலி அறையின் சத்தம்

ஆளில்லாத அறையின் பதிவில் யாரோ இருந்தார்கள்.

குரல்பதிவு ஸ்டூடியோவில் காலி அறையைப் பதிவது வழக்கமான வேலைதான். பேச வந்தவர்கள் போனபின் அறையின் வெறும் அமைதியைக் கொஞ்சம் பதிந்து வைப்பார்கள். வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட உதவும். சவுண்ட் இன்ஜினியரான அவள், மைக் அருகே மூச்சை அடக்கி உட்கார்ந்து பதிவு செய்வாள். அன்று விடுமுறை, கட்டடத்தில் ஈ காக்கை இல்லை. திரும்பக் கேட்டபோது, ஏசி நிறுத்திய அறையின் கனத்த அமைதிக்கு அடியில், மெத்தை பதித்த சுவருக்குள்ளிருந்து வருவதுபோல, லப்டப், லப்டப் என்றது. நின்றது. பிறகு அவசரமாக ஒன்று.

அந்தத் தடுமாற்றம் அவளுடையதுதான். இதயச் சுவரில் ஒரு கட்டி. புற்று இல்லை, சாதுவான கட்டி. ஆனால் துடிப்பின் மின்சாரம் ஓடும் வழியில் குந்தியிருக்கிறது என்றார் டாக்டர். எடுத்துவிட்டால் சரியாகிவிடும், தள்ளிப்போட்டால் ஒருநாள் நின்றே போகலாம்.

"ஆபரேஷனப்போ கூட யாரும்மா இருப்பாங்க?"

"இருக்காங்க டாக்டர்."

சொல்லிவிட்டு வந்தவள்தான், மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. தம்பி கேட்டால் அடுத்த வாரம் என்பாள். அதை நம்புவது அவனுக்கும் வசதியாக இருந்தது.

மைக்குக்கு ரொம்பத்தான் காது என்று சிரித்துக்கொண்டு பதிவை அழித்தாள். இந்த முறை வெளியே வந்து, கனமான கதவை இழுத்துச் சாத்தி, கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். உள்ளே ஒரு மைக், ஒரு மெத்தை நாற்காலி. புதிதாகப் பதிவைத் தொடங்கினாள்.

லப்டப்.

மைக்குக்கு இன்னும் பக்கத்தில்.

அது ஒரு துடிப்பைத் தவறவிட்டது. அதற்குப் பிறகுதான் அவள் நெஞ்சு தவறவிட்டது.

ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கித் தம்பிக்கு போன் போட்டாள்.

"சொல்லுக்கா."

"கொஞ்சம் ஸ்டூடியோவுக்கு வர்றியா?"

"இப்பவா? ஏன், என்னாச்சு?"

பயமாக இருக்கிறது என்பது நாக்கு நுனிவரை வந்தது.

"ஒண்ணுமில்லடா. சும்மாதான்."

வைத்துவிட்டாள். இவ்வளவு தனியாக அவள் ஒருநாளும் இருந்ததில்லை.

ஹெட்போனில் சத்தம் நின்றது.

காத்திருந்தாள். மார்பில் கை வைத்தாள். அங்கேயும் நின்றிருந்தது.

கண்ணாடிக்கு அப்பால், நாற்காலியின் மெத்தை மெல்ல அமுங்கியது.

காதில் மறுபடி ஆரம்பித்தது. சீராக. ஒருமுறைகூடத் தடுமாறாமல்.

உள்ளங்கைக்கு அடியில் ஒன்றுமே இல்லை.