உள் வேலை

வம்சி, இருபத்திரண்டு வயது, கொடுமுடிக்காரன், இப்போது நின்றது வடவள்ளி தாண்டி மலையைப் பார்த்தபடி இருக்கும் ஒரு பெரிய பங்களாவின் சமையலறையில். போனை வாயருகே பிடித்துச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு சாந்தாமணி அக்கா படித்துச் சொல்வார்.

"அக்கா, வம்சி பேசுறேனுங்க. அக்ஷிதாவுக்கும் இங்கயே வேலை சொல்லி வெச்சுட்டேன். நாளைக்கு பஸ் ஏத்தி உடச் சொல்லுங்க."

அவன் சொல்லச் சொல்லப் போன் அத்தனையும் எழுதியது. அனுப்பினான். அதற்குப் பிறகும் போன் எழுதியது.

'இருட்டா இருக்குதுங்க.'

அவன் அதைச் சொல்லவில்லை.

மத்தியான வெயிலில் பங்களா அசையாமல் கிடந்தது; பிரிட்ஜின் முனகல், தரை துடைத்த மருந்தின் காரவாசனை, அதற்கடியில் வெகுநாள் பூட்டிய பீரோவைத் திறந்தாற்போல ஒரு நெடி. அந்த நெடி, வீட்டின் உட்புறத்துக்குப் போகும் கண்ணாடிக் கதவுக்கு அப்பாலிருந்து ஏசிக் குளிரோடு கசிந்துகொண்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அவன் போனதில்லை. அங்கே 'உள் வேலை'க்கு வேறு ஆட்கள் என்றார்கள். கண்ணாடி வழியே தெரிந்தவரை மெத்தை விரிப்பு மாறியது, டம்ளர்கள் மின்னின. ஆட்களைத்தான் பார்த்ததில்லை.

"என்ன கண்ணு, போன்லயே குடும்பம் நடத்துற?" முதலாளியம்மா ஹாரிகா சிரித்தபடி வந்தார்.

"தங்கச்சிய வரச் சொன்னேனுங்கம்மா."

"நல்லதாப் போச்சு. முன்னப்பின்ன தெரியாதவங்கள ஊட்டுக்குள்ள உட எனக்கு மனசு வராது. ஒருத்தர் கையப் புடிச்சுத்தான் இன்னொருத்தர் வரோணும். மனோஜ்குமார் உன்னையக் கூட்டியாந்தான். நீ அவளக் கூட்டியார்ற. இனி உன்னையும் உள் வேலைக்கு மாத்திரலாம்."

"மனோஜண்ணன், நான் வந்த அன்னைக்கிருந்தே கண்ணுல படலீங்களே?"

"உள்ளதான் இருக்கான். இந்த ஊட்ட உட்டு ஒருத்தரும் போனதில்ல கண்ணு."

கதவைத் திறந்து உள்ளே போனார். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

வம்சி மூச்சை அடக்கிக்கொண்டு போனைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்தான். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் போன் எழுதியது.

'வம்சி, நான் மனோஜுடா.'

'தங்கச்சி வேண்டாம்டா.'

'கீதா. எம் பேரு கீதா. யாராச்சும் கேக்குதா?'

கண்ணாடியின் உட்பக்கம் பனி பூத்தது. முகத்தின் உயரத்தில் ஒரு வட்டம். பக்கத்தில் இன்னொன்று. சற்றுக் கீழே ஒன்று. மூச்சு. கதவு நிறைய மூச்சு.

போன் நழுவி மேடையில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே அதிர்ந்தது. சாந்தாமணி அக்காவின் பதில்.

'சரி சாமி. அவ இப்பவே பையக் கட்டிப்போட்டா.'

வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தான். சத்தம் வரவில்லை. குளிர். கால் கூசும் குளிர். இருட்டு. திரும்பிப் பார்த்தான்.

சமையலறை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அடுப்பு. மேடை. மேடைமேல் அவன் போன். அதன் முன்னால் ஹாரிகா அம்மா, பிள்ளை எழுதுவதைப் பார்ப்பதுபோலக் குனிந்து. கண்ணாடியில் அறைந்தான். கத்தினான். அவன் வாயெதிரே ஒரு வட்டம் பனித்தது. அவ்வளவுதான்.

அவர் போனில் இருந்ததை அழித்துவிட்டு விரலால் வேறு எதையோ தட்டினார். நிமிர்ந்தார். எல்லோரும் பார்க்கட்டும் என்பதுபோலப் போனைத் தூக்கிக் காட்டிவிட்டு, அனுப்பினார்.

'வம்சி பேசுறேனுங்க. நல்ல எடமுங்க. அக்ஷிதாவ இன்னைக்கே அனுப்பி உடுங்க. இதப் படிக்கிறவங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணு பசங்க யாராச்சும் இருந்தாலும் தயவுபண்ணி வரச் சொல்லுங்க.'