நாலு மணிக் கூட்டம்

உத்தனப்பள்ளி மழைக்குச் சொல்லிக்கொண்டு வரும் பழக்கமே கிடையாது. ராயக்கோட்டை ரோட்டில் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த வினோதாவுக்கு, தக்காளி மண்டியின் தகரக் கொட்டகைதான் கண்ணில் பட்டது. வண்டியை நிறுத்திவிட்டு ஓடினாள்... ஓடிய வேகத்தில், அங்கே ஏற்கெனவே ஒதுங்கியிருந்த ஒருவன்மீது நேராகப் போய் மோதினாள். கையிலிருந்த நீல அட்டைப் புத்தகம் சேற்றில் விழுந்தது.

“கண்ணு தெரியலீங்களா?”

மோதியதும் அவள், கேட்டதும் அவள்!

“தெரியுதுங்க... மழைக்குள்ள ஒரு பச்சைச் சுடிதார் பறந்து வர்றது நல்லாவே தெரிஞ்சுது. நகர்றதுக்குத்தான் நேரமில்ல.”

சிரித்தான். சிரிக்கும்போது அவன் கண்களின் ஓரம் லேசாகச் சுருங்கியது. வினோதா அதைக் கவனிக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவன் குனிந்து புத்தகத்தை எடுத்தான். கைக்குட்டையால் துடைத்து, ஈரம் பட்ட பக்கத்தைப் பிரித்து ஊதினான். ஊதியவன் அப்படியே நின்றான்.

“என்னாங்க இது? ‘பதினெட்டாம் தேதி மாலை நான்கு மணிக்கு நிர்வாகக் குழுக் கூட்டம் இனிதே நடைபெற்றது’ன்னு எழுதியிருக்குது...”

“ஆமா. அதுக்கென்ன?”

“இன்னைக்குத்தாங்க பதினெட்டு. மணி இப்பத்தான் மூணே முக்கால் ஆவுது.”

வினோதாவின் முகம் சிவந்தது. “அடுத்தவங்க புக்கைப் படிக்கறது தப்புங்க.”

“தப்புதான். ஆனா ‘திரு. பூபதி அவர்கள் தீர்மானத்தை வழிமொழிந்தார்’னும் இருக்குதே... அந்தப் பூபதி நான்தாங்க. நான் எப்ப வழிமொழிஞ்சேன்?”

தகரத்தின்மேல் மழை கொட்டியது. இவன் வீட்டுக்குத்தான் அவள் கிளம்பி வந்ததே!

ஓசூர் சிப்காட்டை ஒட்டி ஒரு பழைய வாடகை வீட்டில் ‘தளிர்’ குழந்தைகள் காப்பகம் நடக்கிறது. கம்பெனிகளில் ஷிப்டு வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். ஐந்து வருடமாக அதை நடத்துபவள் வினோதா. அதற்கு ஒரு கமிட்டி உண்டு. தேன்கனிக்கோட்டை பவளம் டீச்சர், ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் முனிவேல், உத்தனப்பள்ளி பரமசிவம். ஆனால் கூட்டம் என்று ஒன்று நடந்ததே இல்லை. நடந்ததாக வினோதாவே எழுதுவாள், வீடு வீடாகப் புத்தகத்தைக் கொண்டுபோவாள், கையெழுத்து வாங்குவாள், கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு வருவாள். பெரியவர்களை எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். போன வருடம் பரமசிவம் காலமானார். புனேயில் வேலை பார்த்த அவர் மகன் பூபதி போச்சம்பள்ளி கம்பெனிக்கு மாறி வந்தபோது, போனிலேயே அவனையும் உறுப்பினராகச் சேர்த்தாயிற்று. முகம் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“சரி, பாத்துட்டீங்கல்ல... ஒரு கையெழுத்துப் போடுங்க,” என்றாள் பேனாவை நீட்டி. “மாசக் கடைசிக்குள்ள நாங்க வீட்டைக் காலி பண்ணணும், ஓனர் இடிக்கப் போறாரு. ஒரு கம்பெனிக்காரங்க ரெண்டு ரூம் கட்டடம் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை வந்து இந்தப் புக்கைப் பாப்பாங்க.”

“நடக்காத கூட்டத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேங்க.”

“இருபத்திரண்டு பிள்ளைங்க தெருவுக்கு வந்துரும்!”

“அதனாலதான் சொல்றேன். நிஜமாவே நடத்துங்க. வர்றேன்.”

“ஒருநாளாவது எட்டிப் பாத்திருக்கீங்களா? வந்துட்டாரு ஞாயம் பேச!”

“ஒருநாளாவது கூப்புட்டீங்களா?”

அவன் குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

“எங்கப்பா ஒவ்வொரு தடவையும் போன்ல சொல்வாரு. ‘அந்தப் புள்ள புக்கு எடுத்துட்டு வந்துச்சுப்பா... இந்தத் தடவையாச்சும் ஏதாவது வேலை சொல்லும்னு பாத்தேன், கையெழுத்து மட்டும் வாங்கிட்டுப் போயிருச்சு’ன்னு. உங்களைத் திட்டலீங்க. ஏக்கமாத்தான் சொல்வாரு.”

மழை இன்னும் விடவில்லை. வினோதா புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். நனைந்தால் நனையட்டும்... கண்ணில் வழிவது மழை என்று நினைத்துக்கொள்வானே!

மறுநாள் காலை காப்பகத்தில் ஒரு குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது, அந்த வார்த்தை மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. கூப்புட்டீங்களா? இல்லை. உதவி கேட்டால் தன்னால் முடியவில்லை என்று நினைப்பார்களோ என்ற வீம்பு. அலைக்கழிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டதெல்லாம் அந்த வீம்புக்குப் போட்ட சட்டைதான். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

போனை எடுத்தாள். பவளம் டீச்சருக்கு, முனிவேலுக்கு. கடைசியாக, மூன்று முறை எண்ணை அழுத்தி மூன்று முறை அழித்து, நான்காம் முறை...

“வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம். நிஜக் கூட்டம். வருவீங்களா?”

“மூணே முக்காலுக்கே வந்துருவேங்க.”

சொன்னபடியே வந்தான். முனிவேல் ஒரு பக்கெட் நிறைய ரோஜாவோடு வந்தார். பவளம் டீச்சர் உட்கார்வதற்கு முன்பே கேட்டார், “எனக்கு என்ன வேலை குடுக்கப் போற?”

வினோதா பூபதியைப் பார்த்தாள். அவன் ‘கேளுங்க’ என்பது போல் தலையை அசைத்தான். அந்த நேரத்தில் அந்தக் கண்கள் எவ்வளவு தைரியம் தருகின்றன!

கேட்டாள். “டீச்சர், ஞாயித்துக்கிழமை வர்றவங்ககிட்ட நீங்க பேசணும். எனக்குப் பயமா இருக்குது.” ஐந்து வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னாள்.

“அட, முப்பது வருசம் கத்தினதுக்கு இப்பவாவது ஒரு பிரயோஜனம் இருக்கட்டும்!” என்றார் டீச்சர்.

முனிவேல் தொண்டையைச் செருமினார். “எனக்குத் தெரிஞ்ச நாலு தோட்டக்காரங்க இருக்காங்கம்மா. ஆளுக்கொரு மாசம் பிள்ளைங்களுக்குப் பால் குடுக்கச் சொல்றேன். இத்தனை நாளா யாரும் எங்கிட்டக் கேக்கலியே!”

பூபதி, இங்கே பிள்ளைகளை விடும் மூன்று தாய்மார்களை ஞாயிற்றுக்கிழமை பேச அழைத்து வருவதாகச் சொன்னான். வினோதா வரி வரியாக எழுதினாள். இந்தத் தடவை எழுதியது எல்லாமே நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. கம்பெனி அதிகாரி டீச்சரிடம் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் தலையாட்டினார். தாய்மார்களிடம் பேசினார். புத்தகத்தைப் புரட்டி, “எல்லாரும் கூடவே நிக்கறீங்க. அது போதும்,” என்று சொல்லி அங்கேயே சாவியைக் கொடுத்தார்.

எல்லோரும் போன பிறகு வினோதா பின்பக்கப் படியில் உட்கார்ந்து அழுதாள். ஐந்து வருடமாகத் தனியாகச் சுமந்ததை யாரோ தோளிலிருந்து இறக்கி வைத்த அழுகை. அப்பாடா!

வெளியே தூறல். பூபதி இரண்டு டம்ளரில் டீயோடு வந்து, ஒன்றை அவளிடம் நீட்டிவிட்டு, ஒரு படி தள்ளி உட்கார்ந்தான்.

“அந்தப் புக்கைக் கொஞ்சம் குடுங்க.”

சேறு காய்ந்த அந்தப் பக்கத்தைப் பிரித்தான். பதினெட்டாம் தேதி.

“ஐயோ, அதை அடிச்சுடறேங்க,” என்றாள் அவசரமாக.

“வேணாம். யோசிச்சுப் பாத்தேன்... அன்னைக்கு நாலு மணிக்கு ஒரு கூட்டம் நடந்துச்சுதானே? இடம், உத்தனப்பள்ளி தக்காளி மண்டி. வந்தது ரெண்டே பேரு.”

மற்றவர்களின் பெயர்களைக் கோடு போட்டு அடித்தான். தன் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டான். நிதானமாக, முழுப் பெயர்.

“ஆனா நான் அன்னைக்கு எடுத்த தீர்மானத்தை நீங்க எழுதலீங்க.”

“என்ன தீர்மானம்?”

“நீங்க நனைஞ்சுக்கிட்டே கோவமாப் போனீங்கல்ல... அப்பவே முடிவு பண்ணிட்டேன். எனக்கு உங்களைப் புடிச்சிருக்குதுங்க. வாழ்க்கை பூராவும் இந்தச் சண்டை வேணும்னு இருக்குது.”

வினோதா தலை நிமிரவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்தாள். அவன் கையிலிருந்த பேனாவை மெதுவாக வாங்கினாள். அவன் கையெழுத்துக்குப் பக்கத்தில், எழுத்து லேசாகக் கோணிக்கொண்டு போக, எழுதினாள்...

‘வழிமொழிபவர்: வினோதா.’