கொசுறாகப் போன ஓட்டம்

விடியலில் தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் ஓடிய அத்தனை பேரும் ஜெயக்கனியைப் போலவே ஓடினார்கள். தொந்தி வைத்த வங்கி மேலாளர், கல்லூரிப் பெண்கள், பேரன் எடுத்த ரயில்வே அதிகாரி, எல்லோருக்கும் ஒரே ஓட்டம். பாதம் தரையைத் தொட்டது தெரியாமல் எழும்பும். இடது முழங்கை மட்டும் லேசாக வெளியே விலகும்.

ஜெயக்கனியின் கணவர் திரவியராஜும் அதே முழங்கையை விலக்கிக்கொண்டு கூட்டத்தோடு ஓடினார். முன்னால் போகும் ஒவ்வொரு முதுகிலும் மனைவியைத் தேடினார். வெயில் கவசம் இல்லாமல் யாரும் வெளியே வராத காலம் அது. முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஓட்டத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஓட்டமோ ஊர் முழுக்க ஒன்றாக இருந்தது.

பதியன் வந்தபின் எல்லாம் அப்படித்தான். ரோஜாக் கிளையை மண்ணில் வளைத்துப் பதியன் போடுகிற மாதிரி, ஒருவர் உடம்பில் ஊறிய பழக்கத்தை எடுத்து நகமளவு வில்லையாக்கி இன்னொருவர் பிடரியில் ஒட்டிவிடுவார்கள். ஒரு வாரத்தில் வேர் பிடித்துவிடும். மூச்சும் தெம்பும் அவரவர் சம்பாதிக்க வேண்டியவை. மாரத்தானுக்கு மாதக்கணக்கில் ஓடித்தான் ஆக வேண்டும். ஆனால் கால் எப்படி விழ வேண்டும், தோள் எப்படித் தளர வேண்டும் என்பதெல்லாம் கடையில் கிடைத்தன. கடலில் மட்டும் அது பலிக்காது. உப்புத் தண்ணீர் பட்டதும் வில்லை தூங்கிவிடும். அங்கே அவரவர் கையைக் காலைத்தான் அடித்தாக வேண்டும்.

"அங்க பாருங்க அண்ணாச்சி," என்றார் கூட ஓடிய பல் டாக்டர் ஆபிரகாம். "கீழ ஈர மணல்ல ஒரு ஆளு. உப்பு மூட்டைக்குக் கால் மொளச்ச மாதிரி போகுது."

திரவியராஜ் பார்த்தார். பொத்துப் பொத்தென்று குதிகால் விழ, வலது கை ஆடும் தராசை நிறுத்தப் பார்ப்பதுபோல் தவிக்க, ஓர் உருவம் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

"எந்தக் கடைக்காரன் தலையில கட்டுனானோ!" என்று சிரித்துவிட்டு, மறுபடியும் முதுகுகளைப் பார்க்கத் தொடங்கினார்.

திரவியராஜுக்கு உப்பு வியாபாரம். பேரம் பேசாமல் ஒரு பொருளை வாங்கினால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. பதியன் கம்பெனி ஆள் கனியின் ஓட்டத்தைக் கேட்டு வந்தபோது, அது மனைவியின் ஓட்டமாக அவர் கண்ணுக்குப் படவில்லை. ஊரில் வேறெங்கும் கிடைக்காத சரக்காகப் பட்டது. "அசல் உங்ககிட்டயே இருந்தா எங்களுக்கு மதிப்பில்ல, வேரோட எடுத்துக்கிடுதோம்," என்றான் அவன். அதற்கும் சேர்த்து விலையை ஏற்றினார். கடைசியில் பேரம் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. முட்டினால் கொசுறு போட்டு முடிப்பது அவருடைய பழக்கம்.

"சரி, என் ஓட்டத்தையும் கொசுறா வச்சுக்கிடுங்க. முடிப்போம்!"

எல்லோரும் சிரித்தார்கள். கனியும் சிரித்துக்கொண்டே, "நீங்க சொன்னா சரி," என்று கையெழுத்துப் போட்டாள்.

கம்பெனி ஆள் அன்றே இரண்டு பேர் ஓட்டத்தையும் வேரோடு எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் காலை இருவரும் கடற்கரைக்குப் போனார்கள். கனிக்கு நடக்க வந்தது, ஓட வரவில்லை. மறந்துபோன ஒரு பெயரை நினைவுபடுத்திக்கொள்பவள்போல் ஒரு காலை முன்னால் வைத்தபடி நின்றாள்.

"வேற நல்லதா ஒண்ணு வாங்கிக்கிடலாம் கனி," என்றார் அவர்.

"ஒங்களுக்கு எல்லாத்துக்கும் மாத்துச் சரக்கு இருக்கு, என்ன?"

அந்த வாரமே நாகர்கோவிலில் அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. போனை எடுக்கவில்லை. இவர் நேரில் போய்க் கேட்டபோது, "இங்க இல்ல" என்று மட்டும் சொல்லி அக்கா கதவைச் சாத்தினாள். கம்பெனி 'கனி ஓட்டம்' என்று பெயர் வைத்து ஊரெங்கும் விற்றது. அவளும் தன்னுடையதை வாங்கி ஒட்டிக்கொண்டு என்றாவது ஓட வருவாள் என்று இவர் கூட்டத்தில் தேடினார். இவரும் ஒன்று வாங்கிப் பிடரியில் ஒட்டிக்கொண்டார், அதற்குள் அவள் கொஞ்சமாவது இருப்பாள் என்று. முழங்கை மட்டும்தான் இருந்தது. அது ஏன் விலகுகிறது என்பது அவருக்குத் தெரியும். இடப்பக்கம் தத்தளித்து வரும் புருஷன் மேலே வந்து மோதாமலிருக்க அவள் பழகிக்கொண்ட தற்காப்பு அது. இப்போது ஊரே, பக்கத்தில் இல்லாத ஒருவரை விலக்கிக்கொண்டு ஓடியது.

மிச்சமிருந்தது கடல். முன்பெல்லாம் திரவியராஜ் தலையைத் தூக்கியபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எருமை இறங்கியதுபோல் தண்ணீரைக் கலக்குவார். "தண்ணிக்குள்ள மூச்ச விடுங்க! அதையுமா இருப்பு வைப்பிய?" என்று கரையிலிருந்து கனி கத்துவாள். அப்போது கேட்டதில்லை. அவள் போனபிறகு தினமும் இறங்கி, முகத்தை முக்கி, மூச்சைக் குமிழியாக விட்டுவிட்டுப் பழகினார். இப்போது அலுங்காமல் நீந்தினார். பார்ப்பதற்குத்தான் ஆளில்லை.

வில்லையை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்காக, பல் டாக்டரோடு ஓடிய அன்று சாயங்காலம் ராஜாமணியின் பதியன் கடைக்குப் போனார். புது வில்லையை ஒட்டி முடித்ததும், பழக்க தோஷத்தில் கையை நீட்டினார்.

"கொசுறு?"

"நல்லா கேட்டிய போங்க! ஒங்க கொசுறே வித்துப் போச்சு."

"எது?"

"ஒங்க ஓட்டந்தான் அண்ணாச்சி. கம்பெனிக்காரன் சும்மா குடுத்துட்டுப் போனது. தூசி படிஞ்சு கெடந்துச்சு. போன மாசம் ஒரு பொம்பள வந்தாவ. நல்ல நல்ல ஓட்டமா எடுத்துக் காட்டுனேன். ஒண்ணும் வேண்டாம், அதக் குடுன்னுட்டாவ."

திரவியராஜ் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "எதுக்குன்னு கேட்டியா?"

"கேக்காம இருப்பனா? இது கூடயே ஓடித்தான் பழக்கம், வேற எதுவும் ஒத்து வராதுன்னாவ. ஆனா ஒண்ணு அண்ணாச்சி, கனி ஓட்டக்காரங்க பக்கத்துல வந்தாலே ஒதுங்கிப் போயிருதாவளாம். பாக்கச் சகிக்கலையாம்."

காலையில் சிரித்த சிரிப்பு அவருக்கு நினைவு வந்தது. தான் ஓடுவதைத் தானே பார்த்த மனிதன் யார்? அந்தக் குதிகாலும் தராசுக் கையும் தன்னுடையவை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் விடிவதற்குள் ஈர மணலில் போய் நின்றார். பொத்துப் பொத்தென்று சத்தம் வந்தது. அவர் அதை நோக்கி ஓடினார். வேர் பிடித்த கால்கள் கனியின் ஓட்டத்தைத்தான் ஓடின. எதிரே வந்தவள் அந்த முழங்கையைக் கண்டதும் சட்டென்று திரும்பி வந்த வழியே போனாள்.

"கனி!" என்று கத்தினார்.

மேலே சாலையில் ஓடியவர்களில் பாதிப் பேர், யாரோ உற்சாகப்படுத்துகிறார்கள் என்று எண்ணிக் கையை உயர்த்திக் காட்டினார்கள். அவள் திரும்பவில்லை.

கவசத்தைக் கழற்றி மணலில் எறிந்துவிட்டுக் கடலில் இறங்கினார். உப்பு பட்டு வில்லை தூங்கியது. உடம்பு அவருடையதாயிற்று. ஆனால் பாடுபட்டுப் பழகிய உடம்பு அது. முகம் தானாகத் தண்ணீருக்குள் போனது, கை ஓசையில்லாமல் விழுந்தது, குமிழிகள் ஒழுங்காக வெளியேறின. கரையில் இருப்பவளுக்கு, எவனோ ஒருவன் அழகாக நீந்துகிறான். அவ்வளவுதான்.

தலையைத் தூக்கினார். மூச்சைப் பிடித்தார். பழகியதை மறப்பது பழகுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. இரண்டு வீச்சில் உடம்பு மறுபடி ஒழுங்குக்கு வந்தது. கரையில் பொத்துப் பொத்தென்ற உருவம் சின்னதாகிக்கொண்டே போனது. இனி கண்ணுக்குத் தெரியாது என்று ஆனபோது அவருக்குப் பழகியது மறந்துபோனது. மூச்சு தானாகவே நின்றது. கை தாறுமாறாக விழுந்தது. கால் தண்ணீரைப் பிளந்து அடித்தது. ஒரு வாய் உப்பு உள்ளே போனது. எருமை இறங்கியது.

கரையில் அந்த உருவம் நின்றது. திரும்பியது. தராசுக் கையை ஆட்டிக்கொண்டு, குதிகால் பொத்துப் பொத்தென்று விழ, தண்ணீர் ஓரம்வரை ஓடி வந்தது.

"மூச்ச விடுங்க! மூச்ச விடுங்கன்னு எத்தன தடவ சொல்லுதேன்!"

அவருக்குக் கேட்டது. மூச்சை விடவும் தெரிந்திருந்தது. ஆனாலும் கொசுறாக இன்னொரு தடவை கேட்க ஆசைப்பட்டு, விடாமல் பிடித்துக்கொண்டார்.